சகலையும் நானும் ஏற்காட்டு ஆறு இரவுகளும்

சேலத்துக்காரன் ஏற்காட்டில் தங்க மாட்டான். காலையில் டிபன் முடித்துக் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போய்விடலாம். ஏரியில் படகு, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில், நடுவில் எங்கேயாவது சூடாக மிளகாய் பஜ்ஜி. இருட்டுவதற்குள் இறங்கி, அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு, சொந்தக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வான். ரூம் போட்டுத் தங்குவதெல்லாம் பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் செய்கிற வேலை.

என் வீடு கன்னங்குறிச்சியில். மொட்டை மாடிக்குப் போனால் மலை எதிரே நிற்கும். அப்படிப்பட்ட நான்தான் 2014இல், ஏற்காட்டை ‘சொந்த ரிசார்ட்’டாகக் கொண்டு வருடத்துக்கு ஆறு இரவு, 25 வருடம் தங்கும் உரிமையை 3,20,000 ரூபாய்க்கு வாங்கினேன். டைம்ஷேர் என்பார்கள்.

எனக்குத் தொழில் வெள்ளிக் கொலுசு. சேலம் பனங்காடு பகுதியில் சின்னப் பட்டறை. டச், அதாவது தூய்மை, பார்க்காமல் ஒரு கிராம் வெள்ளி உள்ளே வராது, எடை போடாமல் ஒரு ஜோடி வெளியே போகாது. பட்டறையைக் கூட்டிய மண்ணைக்கூட வீசமாட்டோம், அரித்து வெள்ளி எடுப்பவர்களுக்கு விற்றுவிடுவோம். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தபோது, பணம் போட்டவர்களைப் பற்றி டீக்கடையில் நான் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. இரண்டே வருடத்தில் எனக்கும் என் ஈமு கோழி வந்து சேர்ந்தது.

பெட்ரோல் பங்க்கில் ஒரு பையன் கூப்பன் நீட்டினான். பெயர், போன் நம்பர், திருமணமானவரா, கார் உண்டா, கிரெடிட் கார்டு உண்டா. பூர்த்தி செய்து பெட்டியில் போட்டேன். பத்து நாள் கழித்து ஒரு பெண் குரல்: “சார், வாழ்த்துகள்! உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு. மேடத்தோட வந்து வாங்கிக்கணும்.” மேடம் ஏன் வர வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. ‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’ என்று நாம் நழுவ முடியாமல் இருக்கத்தான். வீடே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது யாரைக் கேட்பது?

ஆடிப் பண்டிகை முடிந்த வாரம். ஓட்டல் ஹாலில் பதினைந்து இருபது மேசை. பாட்டுச் சத்தம் காதைக் கிழித்தது. பக்கத்து மேசையில் பேசுவது நமக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக அந்தச் சத்தம் என்று பிறகு புரிந்தது. எங்களுக்கு வாய்த்த பையன் நல்ல பையன். போன வருடம் எங்கே டூர் போனீர்கள், எவ்வளவு செலவாயிற்று, பத்து வருடத்தில் ஓட்டல் வாடகை என்ன ஆகும் என்று கேட்டுக்கேட்டு, விடைகளை எங்கள் வாயாலேயே சொல்லவைத்துத் தாளில் எழுதினான். 25 வருடத்தில் நாங்கள் ஓட்டலுக்கு 18 லட்சம் தரப்போகிறோம் என்று கணக்கு வந்தது. அதைப் பார்த்து நாங்களே பயந்துபோனோம். வாழ்க்கையில் அதுவரை ஓட்டலுக்கு 18,000 கொடுத்திருப்போமா என்பது சந்தேகம்.

நடுநடுவே மணி அடித்தது. யாரோ சேர்ந்துவிட்டார்கள், எல்லோரும் கை தட்ட வேண்டும். மூன்றாவது முறை மணி அடித்தபோது திரும்பிப் பார்த்தால் எழுந்து நிற்பது என் சகலை.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சகலை என்றால் என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். செவ்வாய்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம். சகலைகளுக்குள் இருக்கும் போட்டியைக் கல்யாணமான ஆண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர் பெரிய டிவி வாங்கினால் ஆறு மாதத்தில் எங்கள் வீட்டுச் சுவரிலும் ஒன்று தொங்கும். அவர் வந்திருப்பது எனக்குத் தெரியாது, நான் வந்திருப்பது அவருக்குத் தெரியாது. கண்ணும் கண்ணும் சந்தித்தன. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

அப்புறம் என்ன, அடுத்த பத்து நிமிடத்தில் எனக்காகவும் மணி அடித்தது. “இந்த விலை இன்னைக்கு மட்டும்தான் சார்” என்று மேனேஜர் வந்து சொன்னதெல்லாம் ஒரு சாக்கு. 15 சதவீதம், 48,000 ரூபாய், கார்டில் அங்கேயே தேய்த்தார்கள். மீதிக்கு மாதம் 7,570 வீதம் 48 ஈஎம்ஐ. பரிசு என்று ஒரு கவர் தந்தார்கள். மூன்று பகல் இரண்டு இரவு எங்கேயாவது தங்கலாம், ‘பிராசஸிங்’ கட்டணம் மட்டும் நாம் கட்ட வேண்டும். அந்தக் கவரை இன்றுவரை யாரும் பிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், “ஏண்டா, மலையில எடம் வாங்கினேங்கறயே, கிரயம் எங்க பண்ணின? வில்லங்கம் போட்டுப் பாத்தியா?”

அப்பா எட்டாம் வகுப்பு. அந்த ஹாலில் இருந்த அத்தனை பட்டதாரிகளும் கேட்காத கேள்வி அது. பையன் ‘சொத்து மாதிரி சார், பேரன் வரைக்கும் வரும்’ என்று சொன்னதில் ‘மாதிரி’ என்ற சொல் எங்கள் காதில் விழவில்லை. சப்-ரிஜிஸ்டர் ஆபீசில் பதிய அங்கே ஒரு சதுர அடியும் கிடையாது. இது நிலம் அல்ல, கட்டடம் அல்ல. குறிப்பிட்ட வருடங்களுக்கு, இடம் காலியாக இருந்தால், தங்கிக்கொள்ளலாம் என்ற அனுமதி. அமெரிக்காவில் நிஜமாகவே பத்திரம் போட்டு, காலவரம்பே இல்லாமல் விற்பதும் உண்டு. அது இன்னும் மோசம், வருடாந்திரக் கட்டணத்தையும் சேர்த்துப் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டுப் போகலாம். 1960களில் பிரான்சில், ஆல்ப்ஸ் மலையில் தொடங்கிய யோசனை இது. இந்தியாவுக்கு 1980களில் வந்தது. எங்கள் ஊர்க் கலெக்டர் காக்பர்ன் 1820களில் ஏற்காட்டுக்குப் போய்க் காபிச் செடி நட்டார். அவர் காலத்தில் இந்தத் திட்டம் இருந்திருந்தால் ஆறு இரவு வாங்கியிருப்பார், காபி வந்திருக்காது.

உறுப்பினர் கட்டணத்தைவிட உறுத்தியது ஏஎம்சி. வருடா வருடம் கட்டும் பராமரிப்புக் கட்டணம். தங்கினாலும் கட்ட வேண்டும், தங்காவிட்டாலும் கட்ட வேண்டும். 2015இல் 9,500. அதற்குச் சேவை வரி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் 18 சதவீதம். 2023இல் ஏஎம்சி மட்டும் 18,000, வரியோடு 21,240. கொரோனாவில் ரிசார்ட்டைப் பூட்டியிருந்த மாதங்களிலும் ரசீது தவறாமல் வந்தது.

அறை கேட்டால் கிடைக்காது. நான் வாங்கியது நடுத்தர சீசன். கோடை விழா நடக்கும் மே மாதம் அதில் சேராது என்பது ஒப்பந்தத்தில் இருந்தது, அந்தப் பையன் வாயில் இல்லை. என் சீசனிலும் சனி ஞாயிறு எப்போதும் ‘ஃபுல்’. அதே தேதிக்கு இணையத்தில் வெளியாள் போலப் பார்த்தால் அறை இருக்கும், வாடகைக்கு! ஒருமுறை ஜூலையில், செவ்வாய்க்கிழமை, மழையில், ஏற்காட்டில் இரண்டு இரவு கிடைத்தது. வெளியே கை நீட்டினால் கை தெரியாத பனிமூட்டம். காலைச் சாப்பாடு மூன்று பேருக்கு வந்த பில்லைப் பார்த்துவிட்டு, மறுநாள் என் மனைவி பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் இட்லி கட்டிக்கொண்டு வந்தாள். கீழே மலையடிவாரத்தில் எங்கள் சமையலறை பூட்டிக் கிடந்தது.

ஒன்பது வருடத்தில், கம்பெனியின் மற்ற ஊர் ரிசார்ட்டுகளையும் சேர்த்து, மொத்தம் 17 இரவு. ஏற்காடு 2, ஊட்டி 3, கொடைக்கானல் 4, மூணாறு 4, கோவா 4. கொடுத்தது வட்டியோடு 4,11,000, ஏஎம்சி வரியோடு 1,40,000. ஆகமொத்தம் 5,51,000. இரவுக்கு 32,400 ரூபாய்! அந்த விலைக்கு உதய்ப்பூர் ஏரி அரண்மனையில் விசாரித்திருக்கலாம்.

இந்தக் கணக்கை நான் போட்டது 2023இல்தான். அதுவரை போடவில்லை. போடப் பயம். குடும்ப விசேஷங்களில் சகலையைப் பார்க்கும்போதெல்லாம், “என்ன சகல, இந்த வருஷம் எங்க?” என்பார். “மூணாறு சகல, சூப்பரு” என்பேன். “நாங்க கோவா. அருமை” என்பார். இரண்டு பேர் மனைவிகளும் அந்த நேரம் பார்த்துச் சமையலறைக்குள் போய்விடுவார்கள். இதில் மாட்டிக்கொண்டவர்கள் வருடக்கணக்கில் வெளியே வராததற்கு ஒப்பந்தம் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஏமாந்தேன் என்று ஒருவரிடமும் சொல்ல முடியாததுதான் காரணம். பட்டறையில் உருக்கும்போது போவதைச் சேதாரம் என்று நாங்களே வாடிக்கையாளரிடம் வாங்குகிறோம். போனது போனதுதான், அதை எடைக்கல்லில் திரும்ப வைக்க முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ‘அவ்வளவு போட்டாச்சே’ என்று வருடா வருடம் இன்னும் கொஞ்சம் போட்டேன்.

2023 ஆடி. சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை, அதான் அலங்கார வண்டி ஊர்வலம், பார்த்துவிட்டு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்து நாங்கள் இருவரும் மொட்டை மாடியில். மலையில் வண்டி விளக்குகள் வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தன. சகலை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

“சகல, நீங்க ஏற்காட்டுல எத்தன நாள் தங்கியிருப்பீங்க?”

“ரெண்டு.”

“நான் போனதே இல்லீங்க. கோவாவும் போகல. போன வருஷம் சும்மா சொன்னேன்.”

அவர் அதோடு நிறுத்தவில்லை. மாலையிலிருந்தே மனதில் வைத்திருந்திருக்கிறார். நான்கு மாதம் முன்பு ஒரு போன் வந்ததாம். உங்கள் மெம்பர்ஷிப்பை 4 லட்சத்துக்கு வாங்க ஆள் இருக்கிறது, டெல்லியில் ஒரு கம்பெனி ஊழியர்களுக்காக வாங்குகிறது. உறுப்பினர் எண், சேர்ந்த தேதி, சீசன் எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். என்ஓசி (ஆட்சேபணை இல்லாச் சான்று) கட்டணம், பதிவுச் செலவு என்று முன்பணம் 28,000. கட்டினார். பிறகு ‘ஜிஎஸ்டி டெபாசிட், திரும்ப வந்துவிடும்’ என்று 14,500. அதையும் கட்டினார். அதற்குப் பிறகு அந்த எண் எடுக்கவே இல்லை.

“1930க்கு, அந்த சைபர் கிரைம் நம்பருக்குப் போன் பண்ணீங்களா?”

“என்னன்னு சொல்றது சகல? ஏமாந்தத விக்கப் போயி மறுபடி ஏமாந்தேன்னா?”

பணம் போன கையோடு 1930க்குச் சொன்னால், போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு. நான்கு மாதத்துக்கு அப்புறம் சொல்வது ஏறக்குறைய பதிவுக்காகத்தான். வேண்டாத டைம்ஷேரை வைத்திருப்பவர்களின் பட்டியல்தான் இந்த இரண்டாவது கூட்டத்துக்கு மூலதனம். அமெரிக்காவிலும் இதே கதை, இதே வசனம், முன்பணம் கட்டு, வாங்குபவர் தயார். வாங்குபவர் நிஜமாகவே இருந்தால் அவர் கொடுக்கும் பணத்தில் கழித்துக்கொள்ளலாமே என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், போன் வைக்கப்பட்டுவிடும்.

மறுநாள், சேர்ந்தபோது தந்த தடித்த தோல் உறை ஃபைலை பீரோவிலிருந்து எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, முதல்முறையாக ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தேன். சேர்ந்த 10 நாளுக்குள் எழுதிக் கொடுத்திருந்தால் பணம் திரும்பியிருக்கும். அந்த 10 நாளும் வாழ்த்து அட்டையும் ‘வெல்கம் கிட்’டும் வந்துகொண்டிருந்தது, எனக்கு நினைவிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு விதிப்படி இந்த யோசிக்கும் காலம் 14 நாள், அது முடியும்வரை விற்பவர் முன்பணம் வாங்கவே கூடாது. இங்கே ஹாலை விட்டு வெளியே வருமுன் கார்டு தேய்ந்துவிட்டது.

விற்கலாம் என்று இருந்தது, பெயர் மாற்றக் கட்டணத்தோடு. வாங்க ஒருவரும் இல்லை. சும்மாவாவது கொடுப்போம் என்று அக்கா மகன் கல்யாணத்துக்குப் பரிசாகத் தருவதாகச் சொன்னேன். புது மருமகள் கெட்டிக்காரி. ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தவள் நேராக ஏஎம்சி பக்கத்துக்குப் போனாள். “வேண்டாங்க மாமா, ஒரு மிக்ஸி வாங்கிக் குடுங்க போதும்” என்றாள்.

அஸ்தம்பட்டிக் கோர்ட்டுப் பக்கம் தெரிந்த ஒரு வக்கீலிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “ஈஎம்ஐ முடிஞ்சிருச்சா?” 2018இலேயே முடிந்துவிட்டது. அது நல்லது என்றார். ஈஎம்ஐ பாக்கி கடன் பாக்கி, நிறுத்தினால் சிபில் மதிப்பெண், அதாவது கடன் வாங்கும் தகுதிக்கான மதிப்பெண், கெடும். ஏஎம்சி அப்படிக் கடன் அல்ல, ஆனால் கட்டாமல் சும்மா விட்டால் ஒப்பந்தப்படி வட்டியோடு பாக்கி ஏறிக்கொண்டே போகும், நோட்டீஸ் வரும். ‘விட்டுவிட்டேன்’ என்று மனதில் நினைப்பது ரத்து ஆகாது, எழுத்தில் கொடுக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் வேறு ஊரில் நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். வக்கீல் சிரித்தார். அப்படி ஒரு வரி இருப்பதால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது சேலம் மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில்: குறை ஏற்பட்டு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 2014இல் அந்தப் பையன் சொன்ன பொய்களை 2023இல் எடுத்துக்கொண்டு போனால் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். அண்மையில் அறை மறுத்தது, ரத்துக் கேட்டும் செய்யாதது இவைதான் கைவசம் உள்ள புதுக் குறைகள். அதனால் முதலில் ரத்துக் கேளுங்கள் என்றார்.

கேட்டேன். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, 2024 ஜனவரியில். இன்ன தேதிகளில் அறை கேட்டேன், கிடைக்கவில்லை, திரைப்பிடிப்புகள் இணைப்பு. இன்ன தேதி முதல் உறுப்பினராகத் தொடர விருப்பமில்லை, இனி ஏஎம்சி கட்ட மாட்டேன், எழுத்தில் உறுதி செய்யவும். அதே நாளில் வங்கிக்குப் போய், தானாகப் பணம் பிடிக்கக் கொடுத்திருந்த அனுமதியை ரத்து செய்து முத்திரை வாங்கிக்கொண்டேன். இதைச் செய்யாமல் கடிதம் மட்டும் போட்டிருந்தால், அடுத்த மாதமே பணத்தை எடுத்திருப்பார்கள், நான் பின்னால் ஓடியிருப்பேன்.

பதில் கடிதமாக வரவில்லை, போனாக வந்தது. பாசமாகப் பேசினார்கள். மேலே உள்ள சீசனுக்கு மாறிக்கொள்ளுங்கள், 90,000தான், பழைய குறையெல்லாம் தீர்ந்துவிடும். மலையிலிருந்து உருண்டவனுக்கு இன்னும் உயரமான மலையைக் காட்டுகிறார்கள். “எழுத்துல குடுங்க” என்று மட்டும் ஒவ்வொரு முறையும் சொன்னேன். எழுத்தில் வரவில்லை. 45 நாள் பார்த்துவிட்டு 1915க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் புகார் பதிந்தேன். அதற்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்கும். ஆனாலும் அதன் பிறகு பேசியவர் வேறு ஆள், வேறு குரல். பாசம் போய் மரியாதை வந்திருந்தது.

மூன்று வாரப் பேச்சுக்குப் பிறகு வந்த வழி இது: நான் உறுப்பினர் உரிமையை ஒப்படைக்க வேண்டும், அவர்கள் 2024க்கான ஏஎம்சியைத் தள்ளுபடி செய்வார்கள், இருபக்கமும் பாக்கி இல்லை. பணம் ஒரு ரூபாயும் திரும்பாது.

வக்கீல் தயங்கினார். இனித் தங்கப்போகாத மீதி 15 வருடத்துக்கான பணத்தையாவது கேட்கலாம், இப்படிப்பட்ட வழக்குகளில் திருப்பித் தரச் சொல்லி ஆணையங்கள் உத்தரவு போட்டதும் உண்டு என்றார். உண்மைதான். ஆனால் நான் முதல்முறையாக முன்னால் பார்த்துக் கணக்குப் போட்டேன். ஏஎம்சி ஒரு பைசா ஏறாவிட்டாலும் மீதி 16 தவணைக்கு 3,39,840. இதுவரை ஏறிய அதே வேகத்தில், வருடம் 8 சதவீதம் ஏறினால் 6,40,000ஐத் தாண்டும். கொடுத்ததைவிடக் கொடுக்கப்போவதுதான் அதிகம். கையெழுத்துப் போட்டேன். வக்கீல் இன்னும் அதைத் தவறு என்றுதான் சொல்கிறார். இருக்கலாம்.

ஏப்ரலில் ‘பாக்கி இல்லை’ கடிதம் வந்தது. அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். அந்தத் தோல் உறை ஃபைலில் இப்போது கரண்ட் பில் ரசீதுகள் இருக்கின்றன. நல்ல ஃபைல், கெட்டியாக இருக்கிறது. 3,20,000 ரூபாய் ஃபைல்.

அந்த மே மாதம் இரண்டு குடும்பமும் பஸ்ஸில் ஏற்காடு போய்வந்தோம். சரியான கூட்டம், கோடை விழா. சாயங்காலம் இறங்கிவிட்டோம்.

சகலை கடிதம் எழுத இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். போன மாதம்தான் பட்டறைக்கு வந்து, “நீங்க எழுதினத அப்படியே எனக்கும் எழுதிக் குடுங்க சகல” என்றார். எழுதிக் கொடுத்தேன். இப்போது பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள் என்பதால் அதில் அனுப்பினோம். வங்கி அனுமதியையும் ரத்து செய்தாயிற்று. கம்பெனியிலிருந்து இதுவரை இரண்டு போன், இரண்டும் பாசமான போன். 45 நாள் வருகிற புதன்கிழமையோடு முடிகிறது. அதற்குள் எழுத்தில் ஒன்றும் வராவிட்டால் 1915க்குப் பேசுவது என்று வைத்திருக்கிறோம். அவர் பேசுவாரா என்று தெரியவில்லை, நானும் கூடப் போய் உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறேன்.